வலுசர்ப்பத்தின் குரல்

கண்ணாற் காணாத பொருளைக் கருத்தினாற் காண முயல்வது மக்கட்கு இயல்பு. சிறு பிள்ளைகள் இருளிலே உருவங்களைக் காண்கின்றனர். புலவர் வானத்திலே மாளிகைகளை எழுப்புகின்றனர். விலங்கியல் அறிஞரோ மண்ணினின்று எடுத்த ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குரிய பிராணி எவ்வாறு உண்டு வாழ்ந்திருக்கும் என்று உரைக்கின்றனர். இம்மூவர் செயலும் கற்பனையேயெனினும், மூன்றும் ஒரே தன்மையன அல்ல. அவற்றிடையேயுள்ள வேற்றுமை யாது என்பதை ஆராயும்பொருட்டு, வேடிக்கையானதொரு வினாவை ஈண்டு எடுத்துக்கொள்வோம். உலகில் எக்காலத்தும் இருந்திராத ஒரு பிராணி எவ்வாறு குரலெழுப்பும்?

நாம் கருதும் பிராணி ஆங்கிலேயரால் டிராகன் என்று வழங்கப்படுவது; தமிழ் வேதாகமத்தில் வலுசர்ப்பம் என்னும் பெயர் பூண்டது. பாம்பையொத்த உடல், செதில் போர்த்த தோல், நீண்ட கழுத்து, அகன்ற வாய் ஆகியவை அதற்குப் பெரும்பாலும் பொது இலக்கணம். மேனாட்டார் அதற்குச் சிறகும் நெருப்பு மூச்சும் கொடுத்தனர். சீனரோ அதனை நீருக்கும் மழைக்கும் தலைவனாக்கினர்.

இல்லாத பிராணியின் குரலை ஆராய்ந்து ஆவதென்ன என்று நண்பர் சிலர் வினவலாம். விடையை ஒருவரும் சோதித்துப் பார்க்க இயலாத வினாவிலேதான், நாம் விடைக்குச் செல்லும் வழி செவ்விதா அன்றா என்பது நன்கு விளங்கும். விடை முன்னமே தெரிந்த கணக்கிலே வழி தவறினும் விடையைப் பார்த்து ஒருவாறு சரிக்கட்டிவிடலாம். ஈண்டு அவ்வசதி இல்லை. வழியொன்றே நமக்குத் துணை.

1. நாடுகள் கேட்ட குரல்

முதற்கண், முன்னோர் இப்பிராணிக்கு எவ்வகைக் குரலைக் கொடுத்தனர் எனக் காண்போம்.

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுதியாகிய மாபினோகியனில் லுத், லெவெலிஸ் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வரலாறு காணப்படுகின்றது. லுத் அரசனது நாட்டிலே, ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முதல் நாளுக்கு முந்திய இரவில், ஒவ்வொரு வீட்டின் அடுப்புக்கு மேலும் ஒரு கொடிய அலறல் எழும். அதனைக் கேட்ட ஆடவர் நிறமும் வலியும் இழந்தனர். கருவுற்ற மகளிர் கருச்சிதைந்தனர். நிலமும் நீரும் மரமும் பயனற்றுப்போயின. அவ்வலறல், அயல்நாட்டு வலுசர்ப்பம் ஒன்று தாக்கியபோது உள்நாட்டு வலுசர்ப்பம் எழுப்பியது என்று லெவெலிஸ் விளக்கினான். அவன் கூறியவண்ணம், தீவின் நடுவிடமாகிய ஆக்ஸ்போர்டிலே ஒரு குழி தோண்டித் தேன்மது நிரம்பிய கொப்பரையை வைத்தனர். அம்மதுவை அருந்தி அவ்விரண்டும் உறங்க, அவற்றைக் கற்பேழையிலிட்டு மலைநாட்டிலே புதைத்தனர். அயலார் படையெடுப்புக்கு அஞ்சிய ஒரு நாட்டின் நடுக்கமே அவ்வலறலில் ஒலிப்பதை நாம் உணரலாம்.

சீன நாட்டிலோ கதை வேறு. வலுசர்ப்பத்திற்கு மக்கள் ஒன்பதின்மர் என்றும், அவருள் பூலாவ் என்பவன் உரக்கக் கூவுவதில் விருப்பமுள்ளவன் என்றும் அந்நாட்டார் கூறுவர். அவனுக்குத் திமிங்கிலத்தினிடத்தில் பேரச்சம். அது தாக்கினால் பெருங்குரலெடுத்துக் கத்துவான். ஆதலின் ஆலயமணியின் மேலே, அதனைத் தொங்கவிடும் காதில், பூலாவின் உருவத்தை வார்த்துவைத்தனர். மணியை அடிக்கும் மரத்தைத் திமிங்கில வடிவாகச் செதுக்குவதும் உண்டு. மரம் மணியைத் தாக்க, மணி முழங்குகின்றது. அச்சுறுத்தும் அலறலாக வேல்ஸ் நாட்டில் ஒலித்தது, ஈண்டு வழிபாட்டுக்கு அழைக்கும் மணியோசையாக மாறிற்று.

மூன்றாவது சான்று வியப்பானது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மீகா தீர்க்கதரிசியின் நூல் முதல் அதிகாரத்திலே, தீர்க்கதரிசி தாம் வலுசர்ப்பங்களைப்போலப் புலம்பப்போவதாகக் கூறுகின்றார். அதனைப் படித்த ஆங்கிலேயர் பல தலைமுறையாக வலுசர்ப்பம் ஊளையிட்டு அழும் என்று கருத இடமிருந்தது. ஆயின், எபிரெய மூலத்திலுள்ள ‘தன்னிம்’ என்னும் சொல் நரியினத்தைக் குறிப்பது. பெரும்பாம்பையோ கடற்பூதத்தையோ குறிக்கும் சொல் ‘தன்னீன்’ என்பது. ஒலியால் நெருங்கிய இவ்விரண்டும் மயங்கியதனால், பாலைநில நரியின் ஊளை வலுசர்ப்பத்தின் வாய்க்குச் சென்று சேர்ந்தது. 1885ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு அவ்விடத்தில் நரி என்றே பெயர்த்தது. ஓர் எழுத்தின் மயக்கம் ஒரு பிராணிக்குக் குரலையே அளித்துவிட்டதன்றோ!

இவற்றோடு ஜப்பான் நாட்டு நிக்கோ நகரிலுள்ள ஓர் ஆலய மண்டபத்தையும் சேர்த்து எண்ணுக. அதன் மேற்கூரையிலே பெரியதொரு வலுசர்ப்பம் தீட்டப்பட்டுள்ளது. பழைய ஓவியம் 1961ஆம் ஆண்டுத் தீவிபத்தில் மண்டபத்தோடு அழிய, பின்னர் இரண்டையும் புதிதாக அமைத்தனர். அவ்வுருவத்தின் தலைக்கு நேர்கீழே நின்று மரக்கட்டைகளைத் தட்டினால், மணி அதிர்வதுபோன்ற ஓர் ஒலி நடுங்கி நடுங்கித் தேய்கின்றது. சற்று விலகி நின்று தட்டினால் அவ்வொலி எழுவதில்லை. அதனால் அதனைக் கூவும் வலுசர்ப்பம் என்று அழைப்பர். உண்மையில் கூவுவது ஓவியமன்று. கட்டையின் ஓசை கூரைக்கும் தரைக்கும் இடையே பன்முறை எதிரொலித்துத் திரும்புவதே அது.

இம்மண்டபம் மேற்கூறிய கதைகள் யாவற்றிற்கும் நல்லதோர் உவமையாகின்றது. அஞ்சியவர்க்கு அலறல், வழிபட்டவர்க்கு மணியோசை, சொல் மயங்கியவர்க்கு ஊளை. ஒவ்வொருவரும் தாம் தட்டிய ஓசையையே திரும்பக் கேட்டனர். இது முதல்வகைக் கற்பனை. இனிமை உடையதெனினும், இது கேட்போரைப்பற்றிச் சொல்லுமேயன்றிப் பிராணியைப்பற்றி ஒன்றும் சொல்லாது.

2. குரல் பிறக்கும் வகை

இனி, உடலிலிருந்து குரலுக்குச் செல்லும் வழியை நோக்குவோம்.

குரலுக்கு இரண்டு உறுப்புகள் இன்றியமையாதன. ஒன்று அதிர்வது, மற்றொன்று அவ்வதிர்வுக்கு உருக்கொடுக்கும் குழல். மனிதரிடத்தே நுரையீரலினின்று வரும் காற்று குரல்வளையிலுள்ள மடிப்புகளை அதிரச் செய்கின்றது. மடிப்புகள் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றனவோ அதற்கேற்பக் குரல் தாழ்ந்தோ உயர்ந்தோ அமையும். மடிப்பு நீண்டு தடித்திருப்பின் அதிர்வு குறையும். ஆதலின் பெரிய உடலுக்குப் பெரும்பாலும் தாழ்ந்த குரல். அவ்வதிர்வு தொண்டையும் வாயுமாகிய குழலின் வழியே வெளிவரும்போது, அக்குழலின் நீளத்திற்கு இசைந்த பகுதிகள் வலுப்பெறுகின்றன. இதனை அநுநாதம் என்பர்.

ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழலின் முதல் அநுநாதத்தைக் கணக்கிடுவது எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கின்றது. அதனைக் குழல் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். மனிதனது குழல் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; அதன் முதல் அநுநாதம் 500. குழல் 2 மீட்டராயின் சுமார் 42. 4 மீட்டராயின் 21. மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையே கேட்கும். ஆகவே கழுத்து நீள நீளக் குரல் நம் செவியின் எல்லையை நோக்கித் தாழ்ந்துசெல்கின்றது என்பது பெறப்படும்.

3. உயிரோடுள்ள உறவினர்

வலுசர்ப்பம் செதிலுடைய பிராணி. ஆகவே சிங்கத்தின் முழக்கத்தை அதற்கு இரவல் கொடுப்பதற்கு முன்னர், ஊர்வனவற்றின் குரலையும், அவற்றுக்கு நெருங்கிய உறவுடைய பறவைகளின் குரலையும் விசாரிப்பதே முறை.

கொமோடோ தீவின் பேருடும்பு 1912ஆம் ஆண்டில் விஞ்ஞான முறைப்படி விவரிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு டிராகன் என்றே பெயர் வழங்குகின்றது. பல்லியினத்துள் அதனிற் பெரியது இன்று இல்லை. ஆயினும் அதன் குரல் பெரும்பாலும் சீறலே. பாம்புகளில் மிகப்பலவற்றிற்கு அதிரும் மடிப்புகள் இல்லை. ஒடுங்கிய வாயிலின் வழியே காற்று விரைந்து வெளியேறுவதனால் சீறல் பிறக்கின்றது. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் இராஜநாகம் இவ்விதிக்குச் சிறிது விலக்கு. அதன் மூச்சுக்குழலிலே பக்கப்பைகள் உள்ளன. அவற்றின் அநுநாதத்தால் அதன் சீறல் ஏனைய பாம்புகளின் சீறலினும் மிகத் தாழ்ந்து, விநாடிக்குச் சுமார் 600 அதிர்வை மையமாகக்கொண்டு, நாயின் உறுமல்போல ஒலிக்கின்றது.

முதலையினத்திற்கோ குரல்வளையில் அதிரும் மடிப்புகள் உண்டு. அமெரிக்காவிலுள்ள அல்லிகேட்டர் என்னும் முதலை, இனப்பெருக்கக் காலத்தில் தலையையும் வாலையும் நீருக்குமேல் உயர்த்தி முழங்கும். ஆண் முதலை முழங்குவதற்குச் சற்று முன்னர், நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு அதன் உடலினின்று எழுகின்றது; அப்போது அதன் முதுகின் மேலுள்ள நீர் ஆயிரம் துளிகளாகத் துள்ளி ஆடுகின்றது. யோபுவின் நூலில் லிவியாதான் கடலின் ஆழத்தை உலைப்பானைபோற் பொங்கச்செய்வதாக வரும் வருணனையை அறிந்தோர்க்கு இக்காட்சி நினைவுக்கு வாராதிராது. அப்பிராணியை முதலை என்றே கொண்ட உரையாசிரியர் பலர் உளர்.

சீன நாட்டு யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் இவ்வினத்தைச் சேர்ந்த சிறியதொரு முதலை உண்டு. அந்நாட்டார் அதனை மண்ணின் வலுசர்ப்பம் எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். வலுசர்ப்பக் கதைக்கே அது வித்தாயிருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முற்பட்ட தாவ்சி என்னும் ஊரின் அகழாய்விலே, முதலைத்தோல் போர்த்த முரசுகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. முழங்கும் பிராணியின் தோலையே முழங்கும் கருவிக்குப் பயன்படுத்தினர் போலும்!

இச்சீன முதலையைக்கொண்டு நிகழ்த்திய ஒரு பரிசோதனை 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்க நாட்டு ஃபிளாரிடாவில் வளர்க்கப்பட்ட ஒரு பெண் முதலையை மூடிய தொட்டியில் விட்டு, முதலில் இயல்பான காற்றையும், பின்னர் ஹீலியமும் பிராணவாயுவும் கலந்த வாயுவையும் சுவாசிக்கச் செய்து, அதன் முழக்கத்தைப் பதிவு செய்தனர். ஹீலியம் மிகுந்த வாயுவில் ஒலி விரைந்து செல்லும். ஆதலின் குழலின் அநுநாதங்கள் உயர்ந்தன. மடிப்புகளின் அதிர்வு அவ்வாறு உயரவில்லை. இதனால், முதலையின் குரலுக்கும் மனிதக் குரலைப்போலவே அதிரும் உறுப்பும் உருக்கொடுக்கும் குழலும் தனித்தனியே உள்ளன என்பது உறுதிப்பட்டது. குழலின் நீளம் உடலின் நீளத்தோடு சேர்ந்து வளர்வது. ஆகவே முழக்கத்தைக் கேட்கும் மற்றொரு முதலை, முழங்கியதன் பருமனை அதனால் அறியக்கூடும்.

பறவைகளிலே, நியூகினித் தீவில் வாழும் காஸோவாரி என்னும் பெரும்பறவையின் முழக்கம் விநாடிக்குச் சுமார் 23 அதிர்வு வரை தாழ்கின்றது. புறா முதலிய பல பறவைகள் வாயைத் திறவாமலே, தொண்டையை உப்பவைத்துக் குரலெழுப்புவதை நாமும் கண்டுள்ளோம். பறவைகளையும் முதலைகளையும் ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இவ்வாறு வாய்மூடி முழங்குதல் பருமனான உடலுடையவற்றிடத்தே தோன்றக்கூடியது என்றும், பழைய காலத்துப் பேரூர்வனவற்றில் சிலவும் அவ்வாறே முழங்கியிருக்கலாம் என்றும் காட்டுகின்றது.

4. கல்லாகிய சான்று

இல்லாத குரலை மீட்பதற்கு விஞ்ஞானிகள் ஒருமுறை மெய்யாகவே முயன்றனர். பாராசாரோலோபஸ் என்னும் பேரூர்வன சுமார் ஏழரைக் கோடி ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்தது. அதன் தலையிலே பின்னோக்கி நீண்ட ஒரு கொண்டை. அதனுள்ளே வளைந்து செல்லும் மூச்சுக்குழல்கள். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூமெக்ஸிகோவில் அதன் மண்டையோடு ஒன்று அகப்பட்டது. ஆண்டுள்ள இயற்கைப் பொருட்காட்சிசாலையாரும் சாண்டியா ஆராய்ச்சிக்கூடத்தாரும், கல்லாகிய அவ்வோட்டை உடைக்காமலே ஊடுருவும் கதிர்களாற் படம் பிடித்து, உட்குழல்களின் வடிவத்தைக் கணிப்பொறியில் அமைத்து, அவை எழுப்பக்கூடிய ஒலியை 1997ஆம் ஆண்டில் உலகிற்கு வெளியிட்டனர்.

இதிலே நம் கருத்தைக் கவர்வது அவ்வொலியன்று, அவர்களது நேர்மை. எலும்பு நிலைத்தது, மென்மையான தசை அழிந்தது. ஆதலின் குழலின் நீளம் அவர்கட்குத் தெரியும். அதிரும் மடிப்பு இருந்ததா என்பது தெரியாது. அவர்கள் ஒன்றைத் துணிந்து மற்றதை மறைக்காமல், மடிப்பு இருந்தால் எவ்வாறு, இல்லையேல் எவ்வாறு என இருவகை ஒலியையும் அமைத்துக் காட்டினர். இது இரண்டாம்வகைக் கற்பனை. தான் நிற்கும் தரை எங்கே முடிகின்றது என்பதை இது அறியும்.

5. வலுசர்ப்பத்தின் குரல்

இப்பொழுது நம் வலுசர்ப்பத்தை அழைப்போம். யானையளவு உடலும், 2 மீட்டர் குழலும் அதற்கு உண்டென்று வைத்துக்கொள்வோம். உடலை நாம் கற்பித்தோம். அவ்வுரிமை நமக்கு உண்டு. ஆயின் உடலைக் கற்பித்த பின்னர், குரலை விரும்பியவாறு கற்பிக்கும் உரிமை நமக்கு இல்லை.

முதலாவது, பகையை எச்சரிக்கும்போது அது சீறும். மடிப்பு இல்லாத ஊர்வனவும் செய்யவல்லது சீறலே. ஆயின் அவ்வளவு பெரிய நுரையீரலினின்று வரும் சீறல் பாம்பின் சீறல்போல நொடியில் முடியாது. நீராவி எஞ்சினின் ஆவிபோல நீண்டு நிற்கும்.

இரண்டாவது, தன் இனத்தை அழைக்கும்போது அது வாயைத் திறந்து கர்ஜிப்பதைவிட, வாயை மூடிக்கொண்டு தொண்டையை உப்பவைத்து முழங்குதலே பெரிதும் பொருந்தும். சலனப்படங்களோ இதற்கு மாறாகப் பல்லெல்லாம் தெரிய அதனை அலறச் செய்கின்றன. 1954ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த காட்ஸில்லா என்னும் படத்திலே, இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா, மரப்பிசின் தடவிய தோற்கையுறையால் பெருவயலினின் தளர்ந்த தந்தியைத் தேய்த்து, அப்பதிவை மெதுவாக ஓட்டி அப்பூதத்திற்குக் குரல் கொடுத்தார். அது கலை, அதன் நோக்கம் காண்போர் அஞ்சுதல். அதனை நாம் குறைகூற வேண்டுவதில்லை; சான்றாகக் கொள்ளாதிருந்தாற் போதும்.

மூன்றாவது, நெருப்பைப்பற்றிய ஐயம். சூடேறிய காற்றில் ஒலி விரைந்து செல்லும். வாயுவின் வெப்பம் 300 பாகையாயின் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டராகும். 2 மீட்டர் குழலின் முதல் அநுநாதம் 42இலிருந்து 60க்கு உயரும். ஹீலியம் சுவாசித்த முதலைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். அஃதாவது, நெருப்பைக் கக்கும் வேளையில் வலுசர்ப்பத்தின் குரல் சிறிய பிராணியின் குரல்போல மெலிந்து தோன்றும்! தன் பருமனைக் காட்ட விரும்பும் வலுசர்ப்பம் நெருப்பை அடக்கிக்கொண்டே முழங்கவேண்டும். எந்தக் கதையாசிரியரும் இதனைக் கருதியதாக நாம் அறியோம். ஆயினும் உடலின் விதி இதனையே கூறுகின்றது.

நான்காவது, அம்முழக்கத்தின் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டாது. 1984ஆம் ஆண்டில் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார், அமெரிக்க நாட்டு போர்ட்லண்டு நகர மிருகக்காட்சிசாலையிலே யானைகளின் அருகில் இருந்தபோது, ஓசையொன்றும் கேளாமலே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். இளமையில் தேவாலயப் பாடகர் குழுவில், ஆர்கன் இசைக்கருவியின் மிகப் பெரிய குழலருகே நின்று உணர்ந்த நடுக்கத்தைப்போன்றது அது என்பது பின்னர் அவர் நினைவுக்கு வந்தது. அவ்வுணர்ச்சியைப் பற்றிக்கொண்டு ஆராய்ந்ததனால், யானைகள் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்னும் உண்மை வெளிப்பட்டது. விநாடிக்கு 20 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். மரமும் பாறையும் அதனைத் தடுப்பதில்லை. நெடுந்தொலைவு அது செல்லும். ஆகவே வலுசர்ப்பம் வாழும் பள்ளத்தாக்கிலே வழிப்போக்கன் ஒருவன் கேட்பது பேரிரைச்சல் அன்று. அவன் நெஞ்சுக்கூடு காரணமின்றித் துடிக்கும், குளத்துநீர் காற்றின்றி ஆடும், பறவைகள் வாயடங்கும். அதுவே வலுசர்ப்பத்தின் குரல்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றுள் எதனை நாம் அறிந்தோம், எதனை உய்த்துணர்ந்தோம், எதனைப் புனைந்தோம்? முதலையின் முழக்கத்தையும் குழலின் கணக்கையும் அறிந்தோம். அத்தகைய உடலுக்கு இத்தகைய குரல் பொருந்தும் என்று உய்த்துணர்ந்தோம். உடலையும் வழிப்போக்கனையும் புனைந்தோம். இம்மூன்றுக்கும் இடையே வரம்பு கட்டிக்கொண்டவரை நம் விளையாட்டு தூய்மையானது. வரம்பு அழிந்தால் அதுவே பொய்யாகின்றது.

இவ்வரம்பு வலுசர்ப்பத்தோடு நிற்பதன்று. சாட்சிக்கூண்டில் நிற்பவனும், நோயாளியின் மார்பில் செவிவைத்துக் கேட்கும் மருத்துவனும், பழைய கல்வெட்டில் அழிந்த எழுத்தை நிரப்பும் ஆராய்ச்சியாளனும், அயலானைப்பற்றிக் கேள்விப்பட்டதைப் பிறர்க்குச் சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொருவனும் இதே வரம்பின் மேல் நிற்கின்றான். ஓர் எழுத்தின் மயக்கத்தால் நரியின் ஊளை வலுசர்ப்பத்தின் ஊளையாக 274 ஆண்டுகள் ஓர் அச்சுநூலில் நின்றதெனின், நாம் நாள்தோறும் சொல்லிப் பரப்பும் மயக்கங்கள் எத்தனை தலைமுறை நிற்குமோ!

ஆதலின், மாணவ நண்பர்காள், கற்பனையை இகழவேண்டா. அஃதின்றேல் பெய்ன் அம்மையார் அத்துடிப்பை வெறும் தலைச்சுற்றல் என்று தள்ளியிருப்பார். கல்லாகிய மண்டையோடும் ஊமையாகவே இருந்திருக்கும். கற்பனைக்குக் கணக்கைத் துணையாகக் கொடுங்கள். தட்டிய கட்டையின் ஓசை எது, அதற்கு அப்பாலிருந்து மெய்யாகவே வரும் ஓசை எது என்று பகுத்துக் கேட்கச் செவியைப் பழக்குங்கள். பிறர் கேளாத மெல்லிய அதிர்வு ஒன்று உங்கள் நெஞ்சிலே தட்டும் நாள் வரக்கூடும். அன்று அதனை அலட்சியம் செய்யாமலும், அதற்கு இல்லாத பொருளை ஏற்றாமலும், பொறுமையோடு நின்று அளந்து பாருங்கள்.